புக்கிட் மேராவிலிருந்து ஓர் அரசமைப்புப் பாடம்: பதின்பருவத்தினர்க்குத் தமிழ்வழி அரசமைப்புச் சட்டம் கற்பித்தல்

முன்னுரை

சிங்கப்பூரின் தென்பகுதியில் உள்ள புக்கிட் மேரா, ‘சிவந்த குன்று’ எனப் பொருள்படும் மலாய்ப் பெயர். அப்பெயருக்குப் பின்னால் ஒரு பழங்கதை உண்டு. கடற்கரையில் கூரிய மூக்குடைய மீன்கள் கூட்டமாகப் பாய்ந்து மக்களைக் குத்திக் கொன்றன. அரசன் தன் ஆட்களை வரிசையாக நிறுத்தி அவர்களையே அரணாக்கினான், பலர் மாண்டனர். அப்போது ஒரு சிறுவன், மனிதர்க்கு மாற்றாக வாழைத்தண்டுகளை அரணாக நிறுத்தலாம் என்றான். மீன்கள் வாழைத்தண்டில் மூக்குச் சிக்கி அகப்பட்டன, ஊர் பிழைத்தது. இவ்வளவு அறிவுடைய சிறுவன் வளர்ந்தால் ஆபத்து என்று அரசனிடம் கூறப்பட்டது. சிறுவன் கொல்லப்பட்டான். அவன் குருதியே குன்றைச் சிவக்கச் செய்தது என்பது வாய்மொழி மரபு. மீன்களும் சிறுவனும் பற்றிய செய்தி ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் வரலாற்று நூலிலும் இடம்பெற்றுள்ளது.

இக்கதையைச் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியிலேயே கேட்டிருப்பர். பதினைந்து வயதில் அதே கதையை மீண்டும் சொல்லி ஒரு வினாவை எழுப்பலாம்: அந்த அரசனைத் தடுக்கும் ஆற்றல் எதற்கு இருந்திருக்க வேண்டும்? ஆள்வோரின் அதிகாரத்துக்கு எல்லை வகுக்கும் எழுத்து என்று மாணவர் விடை கூறும்போது அரசமைப்புப் பாடம் தொடங்கிவிடுகிறது.

பதின்பருவத்தினர்க்கு அரசமைப்புச் சட்டத்தைத் தமிழ் வகுப்பில் எவ்வாறு கற்பிக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. மாணவர் வாழும் இடத்திலிருந்து வினாவைத் தொடங்குதல், அமெரிக்க அரசமைப்பை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்துதல், சட்டத்தொடரின் இலக்கணத்தை நுணுகிப் படித்தல் ஆகிய மூன்றும் இதன் வழிமுறைகள். மூன்றாவது வழிமுறை தமிழாசிரியர்க்கே உரியது என்பது இக்கட்டுரையின் கருத்து.

1. இன்றைய நிலை

சிங்கப்பூரில் 1997ஆம் ஆண்டு தேசியக் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. 2001 முதல் உயர்நிலைப்பள்ளி மேல்வகுப்புகளில் சமூகவியல் பாடம் இடம்பெற்றது. ஆட்சிமுறை, குடியுரிமை, பல்லின வாழ்வு ஆகியவை அப்பாடத்தில் ஆங்கிலவழி கற்பிக்கப்படுகின்றன. தொடக்கப்பள்ளியில் நற்குணமும் குடியியலும் பற்றிய பாடம் தாய்மொழியில் நடைபெறுகிறது. மாணவன் வளர்ந்து கருத்துநிலைச் சிந்தனைக்குத் தகுதி பெறும் பருவத்தில், குடியியல் தமிழைவிட்டு ஆங்கிலத்துக்குச் சென்றுவிடுகிறது. பண்டிகை, குடும்பம், உணவு, மரபு ஆகிய பொருள்களில் சரளமாகத் தமிழ் பேசும் மாணவன், நாடாளுமன்றத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் ஆங்கிலத்துக்கு மாறுவது இதன் இயல்பான விளைவு.

மற்றொரு நிலையையும் இங்கே நோக்க வேண்டும். திரைப்படம், தொலைக்காட்சி, செய்தி ஆகியவற்றின் வாயிலாக அமெரிக்க அதிபர், செனட், உச்ச நீதிமன்றம் ஆகிய பெயர்கள் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமானவை. தம் நாட்டின் அமைச்சரவை நாடாளுமன்றத்திலிருந்தே அமைகிறது என்பதையும், அமெரிக்க அமைச்சர்கள் பேராயத்தின் உறுப்பினராக இருத்தல் இயலாது என்பதையும் அவர்கள் ஒப்பிட்டு அறிவது அரிது. தெரிந்த பெயர்களிலிருந்து தெரியாத வேறுபாடுகளுக்குச் செல்வது கற்பித்தலில் நல்ல வழி. ஆகவே அமெரிக்க அரசமைப்பை நம் அரசமைப்பின் அருகில் வைத்துப் படிப்பது பயன்தரும்.

அமெரிக்கப் பள்ளிகள் பதின்பருவத்தினர்க்கு இப்பாடத்தைக் கற்பிக்கும் முறையும் கருதத்தக்கது. 1987இல் தொடங்கிய ‘மக்களாகிய நாம்’ என்னும் பள்ளித் திட்டத்தில் மாணவர்கள் பேராயக் குழுவின் முன் சான்றளிப்போர் போல் அமர்ந்து, அரசமைப்பு வினாக்களுக்கு விடையளிக்கின்றனர். 1999இல் வாஷிங்டனில் தொடங்கிய மற்றொரு திட்டத்தில் சட்டக்கல்லூரி மாணவர்களே பள்ளிகளுக்குச் சென்று பாடம் நடத்துகின்றனர். இத்தகைய வகுப்புகளில் பெரிதும் பேசப்படும் வழக்குகளில் ஒன்று 1969ஆம் ஆண்டின் டிங்கர் வழக்கு. வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புக் கைப்பட்டை அணிந்து பள்ளிக்கு வந்ததற்காக இடைநீக்கம் செய்யப்பட்ட மாணவர்கள் தொடுத்த வழக்கு அது. அவர்களுள் ஒருவர் பதின்மூன்று வயதுச் சிறுமி. பள்ளி வாயிலில் நுழையும்போது மாணவர் தம் பேச்சுரிமையை இழந்துவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. மாணவர்க்கு நெருங்கிய வழக்கிலிருந்து தொடங்குவதே அம்முறையின் வலிமை. டிங்கர் வழக்கை நாம் அப்படியே எடுத்துவந்தால் அது அயல்நாட்டுக் கதையாகவே நிற்கும். முறையை மட்டும் ஏற்று, நமக்கு நெருங்கிய வழக்குகளை நாம் தேட வேண்டும். புக்கிட் மேரா வட்டாரத்தில் அதற்குக் குறைவில்லை.

2. நிலம்: ஒரு சொல்லின் இன்மை

சிறுவனின் கதையிலிருந்து முதற்பாடம் எழுகிறது. அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாம் திருத்தம் 1791இல் நடைமுறைக்கு வந்தது. உரிய சட்டமுறையின்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கலாகாது என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. சிங்கப்பூர் அரசமைப்பின் 9ஆம் உறுப்பு, சட்டத்திற்கு இணங்கவன்றி எவருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்கிறது. இந்திய அரசமைப்பின் 21ஆம் உறுப்பும் ஏறத்தாழ இதே வடிவினது. இம்மூன்றையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதி, வேறுபடும் சொற்களுக்கு அடிக்கோடிடுமாறு மாணவரைக் கேட்கலாம். அவர்கள் இரண்டு வேறுபாடுகளைக் கண்டறிவர். ஒன்று, ‘உரிய சட்டமுறை’ என்பதற்கும் ‘சட்டத்திற்கு இணங்க’ என்பதற்கும் உள்ள வேறுபாடு. நாடாளுமன்றம் இயற்றிய எதுவும் ‘சட்டம்’ ஆகிவிடுமா? 1980இல் ஓங் ஆ சுவான் வழக்கில் பிரிவி கவுன்சில் இவ்வினாவை எதிர்கொண்டு, ‘சட்டம்’ என்னும் சொல் இயற்கை நீதியின் அடிப்படை விதிகளையும் உள்ளடக்கும் என்றது. மற்றொன்று, ‘உடைமை’ என்னும் சொல் சிங்கப்பூர்த் தொடரில் இல்லை என்பது.

அச்சொல் ஏன் இல்லை? இதற்கு விடைகாண மாணவர் தம் அடுக்குமாடிக் குடியிருப்பின் வரலாற்றை அறிய வேண்டும். 1961ஆம் ஆண்டு மே 25, ஹஜ்ஜுப் பெருநாளன்று, புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் பெருந்தீ மூண்டது. பலகையும் அத்தாப்பும் கொண்டு அமைந்த வீடுகள் எரிந்தன, நால்வர் இறந்தனர், ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். முந்தைய ஆண்டில்தான் தோன்றியிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அந்நிலத்தில் அடுக்குமாடி வீடுகளை எழுப்பியது. பின்னர் வட்டாரம் முழுவதும் அவ்வாறே உருமாறியது. அலெக்சாண்டிரா செங்கற்சூளைத் தமிழ்த் தொழிலாளரின் வழிபாட்டில் தோன்றிய ருத்ர காளியம்மன் ஆலயம் இன்று டிப்போ சாலையில் நிற்பதும் இவ்விடமாற்ற வரலாற்றின் ஒரு பகுதியே.

மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் 13ஆம் உறுப்பு, போதிய இழப்பீடின்றி உடைமையைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் சட்டம் கூடாது என்கிறது. சிங்கப்பூர் 1965இல் தனிநாடானபோது, மலேசிய அரசமைப்பின் அடிப்படைச் சுதந்திரங்களைத் தனதாக்கிக்கொண்ட சட்டம், இந்த 13ஆம் உறுப்பை மட்டும் விலக்கியது. 1966இல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. 1973இன் திருத்தத்திற்குப்பின், இழப்பீட்டுக் கணக்கில் அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் விலையே நெடுங்காலம் உச்சவரம்பாக இருந்தது. 2007இல்தான் சட்டம் திருத்தப்பட்டுச் சந்தை விலை இழப்பீட்டுக்கு அடிப்படையாயிற்று. இம்மாற்றம் அரசமைப்பில் நிகழவில்லை, சாதாரணச் சட்டத்தில் நிகழ்ந்தது என்பதை மாணவர் கவனிக்க வேண்டும். நாடாளுமன்றம் எளிய பெரும்பான்மையால் மாற்றக்கூடியதற்கும் மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மை தேவைப்படுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகும்.

இந்தியாவில் உடைமையுரிமை முதலில் அடிப்படை உரிமையாக இருந்தது. நிலச்சீர்திருத்தத்தை ஒட்டி நாடாளுமன்றத்துக்கும் நீதிமன்றங்களுக்கும் இடையே நீண்ட இழுபறி நிகழ்ந்தது. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் கொண்ட ஆயம், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்றலாகாது என ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 1978இன் 44ஆம் திருத்தம் உடைமையுரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீக்கி 300-அ உறுப்பாக வைத்தது. அமெரிக்காவிலோ ‘உடைமை’ என்னும் சொல் இருந்தும் அரசு நிலம் எடுப்பது நின்றுவிடவில்லை. 1954இன் பெர்மன் வழக்கில், வாஷிங்டன் நகரின் சேரிப்பகுதிகளைச் சீரமைக்க நிலம் எடுப்பது பொதுநோக்கமே என்றது உச்ச நீதிமன்றம். 2005இன் கீலோ வழக்கில், நகர் வளர்ச்சித் திட்டத்திற்காகத் தனியார் வீடுகளை எடுப்பதையும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஏற்றது. ஆனால் நியாயமான இழப்பீடு தரும் கடமை அங்கே அரசமைப்பிலேயே உள்ளது.

இப்பாடத்தை ஒரு விசாரணையாக நடத்தலாம். ஒரு குழு நிலவுரிமையாளர்; ஒரு குழு வீடிழந்த குடும்பத்தினர்; ஒரு குழு கழகத்தின் அதிகாரிகள்; ஒரு குழு நீதிபதிகள். கம்பத்தில் வாழ்ந்தோருள் பெரும்பாலோர் நிலத்துக்கு உரிமையாளர் அல்லர் என்பதை ஆசிரியர் நினைவூட்ட வேண்டும். அப்போது, உடைமையுரிமை இருந்திருந்தால் அது யாரைக் காத்திருக்கும் என்னும் வினா எழும். மலிவான நிலத்தால் எழுந்த வீட்டில் வாழும் மாணவனும், குறைந்த இழப்பீடு பெற்ற குடும்பத்தின் பேரனும் ஒரே வகுப்பில் இருக்கக்கூடும். ஆசிரியர் தீர்ப்புக் கூறவேண்டியதில்லை. இரு தரப்பு வாதங்களும் தம் முழு வலிமையோடு வெளிப்படச் செய்வதே அவர் கடமை.

3. வாக்கு: ஒரு வினைமுற்றின் பொருள்

இரண்டாம் பாடம் தேர்தல். புக்கிட் மேரா வட்டாரத்தின் பகுதிகள் தஞ்சோங் பகார் குழுத்தொகுதியிலும் ராடின் மாஸ் தனித்தொகுதியிலும் அடங்குபவை. 1988இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 39-அ உறுப்பின்படி, குழுத்தொகுதியில் போட்டியிடும் அணியில் மலாய் இனத்தவரோ இந்தியர் அல்லது பிற சிறுபான்மையினரோ ஒருவரேனும் இடம்பெற வேண்டும். சிறுபான்மையினர் நாடாளுமன்றத்தில் இடம்பெறுவதை உறுதிசெய்வது இதன் நோக்கம். பெரிய அணியைத் திரட்ட இயலாத கட்சிகள் களத்திலிருந்து விலகிவிடும் என்பது இதன் மீதான குறை. தஞ்சோங் பகார் குழுத்தொகுதி உருவான 1991 முதல் 2011 வரை நடந்த ஐந்து பொதுத்தேர்தல்களிலும் அங்குப் போட்டியே இல்லை. 2015இல்தான் முதன்முறையாக வாக்குப்பதிவு நடைபெற்றது. மாணவர் தம் பெற்றோரிடம், ‘நீங்கள் முதன்முதலில் பொதுத்தேர்தலில் வாக்களித்தது எப்போது?’ என்று கேட்டுவருவது நல்ல வீட்டுப்பாடம். ஒரே விதி சிறுபான்மையினர்க்குப் பாதுகாப்பாகவும் வாக்காளர்க்குத் தடையாகவும் பார்க்கப்படுவது எவ்வாறு என்பதை அவ்விடைகளிலிருந்தே விவாதிக்கலாம்.

அடுத்து, தமிழாசிரியர் மட்டுமே தரக்கூடிய பாடம் ஒன்று உண்டு. நாடாளுமன்ற உறுப்பினரின் இடம் காலியானால் என்ன செய்வது என்பதை 49ஆம் உறுப்பு கூறுகிறது. அத்தொடரைத் தமிழில் மூவகையாக எழுதலாம்: ‘காலியிடம் தேர்தலால் நிரப்பப்படும்’, ‘காலியிடம் தேர்தலால் நிரப்பப்படலாம்’, ‘காலியிடம் தேர்தலால் நிரப்பப்படுதல் வேண்டும்’. முதலாவது செய்தி, இரண்டாவது விருப்பம், மூன்றாவது கடமை. சட்டத்தமிழ் கடமையைச் சுட்டத் ‘தல் வேண்டும்’ என்னும் வடிவத்தைப் பெரிதும் ஆள்கிறது. ஆங்கில மூலத்தில் உள்ள துணைவினையை எவ்வடிவில் பெயர்ப்பது என்று மாணவர் முடிவுசெய்ய வேண்டும். அவர்கள் அறியாமலேயே ஒரு நீதிமன்ற வினாவுக்குள் நுழைந்துவிடுகின்றனர்.

2012 பிப்ரவரியில் ஹவ்காங் தனித்தொகுதி காலியானது. அத்தொகுதியில் வாழ்ந்த, பகுதிநேரத் துப்புரவுப் பணி செய்த ஒரு தமிழ்ப் பெண்மணி, இடைத்தேர்தல் நடத்துமாறு ஆணையிட வேண்டி நீதிமன்றத்தை நாடினார். சட்டநூல்களில் இது வெள்ளம்மா வழக்கு எனப்படுகிறது. இடைத்தேர்தல் மே மாதத்தில் நடந்துமுடிந்தது, வழக்கு தொடர்ந்தது. தேர்தலை நடத்துவதா என்பது பிரதமரின் கட்டற்ற விருப்பம் என்று உயர் நீதிமன்றம் கருதியது. 2013 ஜூலை 5ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. காலியிடம் தேர்தலால் நிரப்பப்படுதல் வேண்டும். காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் பிரதமர்க்கு உரிமை உண்டு, எனினும் நியாயமான காலத்திற்குள் நடத்த வேண்டும் என்பது அதன் முடிவு. இடம் முன்னரே நிரப்பப்பட்டுவிட்டதால் மேல்முறையீடு தள்ளுபடியானது. வழக்கில் தோற்றவர் சட்டத்தின் பொருளைத் தெளிவுபடுத்தினார். இந்த நுட்பம் பதின்பருவத்தினரைக் கவரும்.

குழுத்தொகுதியில் ஓர் உறுப்பினர் மட்டும் விலகினால்? 2017இல் மார்சிலிங்-யூ டீ குழுத்தொகுதியில் இச்சூழல் எழுந்தது. இடைத்தேர்தல் தேவையில்லை என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அமெரிக்க அரசமைப்பின் முதலாம் உறுப்பிலும் கீழவைக் காலியிடத்திற்குத் தேர்தல் ஆணை பிறப்பிக்கும் கடமை மாநில ஆளுநர்க்கு விதிக்கப்பட்டுள்ளது. அங்கும் கால எல்லை கூறப்படவில்லை. இரு நாட்டுத் தொடர்களிலும் வினைமுற்று தெளிவாக இருக்க, காலம் மட்டும் எழுதப்படாதிருப்பதை மாணவரே கண்டறிவர். சிங்கப்பூரில் வாக்குரிமை வயது 21. அமெரிக்காவில் 1971 முதல் 18. மலேசியாவில் 2021 இறுதி முதல் 18. பதினைந்து வயது மாணவன் இவ்வெண்களைப் பார்த்ததும் தானே விவாதத்தைத் தொடங்கிவிடுவான்.

4. மொழி: வகுப்பறையின் சட்டநிலை

மூன்றாம் பாடம் அந்த வகுப்பறையைப் பற்றியதே. சிங்கப்பூர் அரசமைப்பின் 153-அ உறுப்பு மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் அதிகாரத்துவ மொழிகளாக்குகிறது. மலாய் தேசிய மொழி. 53ஆம் உறுப்பின்படி நாடாளுமன்ற விவாதங்கள் இந்நான்கு மொழிகளுள் எதிலும் நடைபெறலாம். 44ஆம் உறுப்பு, நாடாளுமன்ற உறுப்பினராக விழைவோர் அவை நடவடிக்கைகளில் பங்கேற்கும் அளவுக்கு இந்நான்கில் ஒன்றிலேனும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறது. ஆகவே தமிழ் மட்டுமே அறிந்த ஒருவரும் மொழித்தகுதியில் குறைந்தவர் அல்லர். இதனை முதன்முறை கேட்கும் மாணவர்க்கு வியப்பு உண்டாகும்.

அமெரிக்க அரசமைப்பில் அதிகாரத்துவ மொழி பற்றிய உறுப்பே இல்லை. 2025 மார்ச்சில் அதிபர் ஆணையொன்று ஆங்கிலத்தை அதிகாரத்துவ மொழியாக அறிவித்தது. அதிபர் ஆணையை அடுத்த அதிபர் நீக்கலாம்; அரசமைப்பு உறுப்பை அவ்வாறு நீக்க இயலாது. இவ்வேறுபாட்டை விளக்க இதனினும் எளிய சான்று இல்லை. அங்கே மொழியைக் கற்பிக்கும் உரிமை நீதிமன்றத்தின் வழியே உறுதியானது. நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் இயற்றிய சட்டம், எட்டாம் வகுப்புத் தேர்ச்சிக்கு முன் பிள்ளைகளுக்கு ஆங்கிலமல்லாத வாழும் மொழியைக் கற்பிப்பதைக் குற்றமாக்கியது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஜெர்மன் மொழியில் வாசிக்கக் கற்பித்த மேயர் என்னும் ஆசிரியர்க்கு 25 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. 1923இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. பதினான்காம் திருத்தத்தில் உள்ள ‘சுதந்திரம்’ என்னும் ஒரே சொல்லுக்குள் ஆசிரியரின் கற்பிக்கும் உரிமையும் பெற்றோரின் தேர்வுரிமையும் அடங்கும் என்பது அத்தீர்ப்பு. தமிழாசிரியர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வழக்கு இது.

எழுத்து இருந்தும் காக்கத் தவறிய நிலைக்கு இலங்கையின் கோடீஸ்வரன் வழக்கு சான்று. 1956இல் சிங்களம் மட்டுமே அரசமொழியானபின், சிங்களத் தேர்வெழுத மறுத்த தமிழ் எழுத்தர் ஒருவரின் ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம், அரசூழியர் ஊதியத்துக்காக அரசின்மீது வழக்கிட இயலாது என்று அதனை மாற்றியது. 1969இல் பிரிவி கவுன்சில் அக்கருத்தை மறுத்தபோதும், சிறுபான்மையினரைக் காக்கும் 29ஆம் பிரிவை மொழிச்சட்டம் மீறியதா என்னும் மைய வினா இறுதிவரை தீர்க்கப்படவில்லை. 1972இன் புதிய அரசமைப்பில் அப்பிரிவே இடம்பெறவில்லை. தமிழும் ஓர் அரசகரும மொழி என்பது 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தால்தான் அரசமைப்பில் ஏறியது.

இம்மூன்று நாடுகளின் வரலாறும் ஓர் உண்மையை உணர்த்துகிறது: மொழிக்குரிய சட்டநிலையைப் பேணுவதற்கு, அம்மொழியில் சட்டத்தைப் பேசவல்லார் வேண்டும். நாடாளுமன்றத்தில் தமிழில் பேசும் உரிமை சிங்கப்பூரில் எழுத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு சட்டமுன்வரைவைத் தமிழில் ஆராயும் பயிற்சியைப் பள்ளி தராவிட்டால், அவ்வுரிமை வாழ்த்துரைகளோடு நின்றுவிடும் வாய்ப்பு உண்டு.

5. கலைச்சொல் குறித்துச் சில

சொல் இல்லை என்பது இப்பாடத்தைத் தவிர்ப்பதற்குரிய காரணமாகாது. ஒரு கருத்துக்குப் பல சொற்கள் இருப்பதே நம் சிக்கல். அரசியல் சாசனம், அரசியலமைப்பு, அரசமைப்பு ஆகிய மூன்றும் வழக்கில் உள்ளன. இலங்கை வழக்கு ‘அரசியலமைப்பு’. ‘சாசனம்’ என்பது கல்வெட்டையும் செப்பேட்டையும் நினைவூட்டும் பழஞ்சொல். சுருக்கமும் தெளிவும் கருதி ‘அரசமைப்பு’ வகுப்பறைக்கு ஏற்றது. உட்கூறுகளை இந்தியச் சட்டத்தமிழ் ‘உறுப்பு’ என்றும், இலங்கைத் தமிழ் ‘உறுப்புரை’ என்றும், நாளிதழ்கள் ‘பிரிவு’ என்றும் குறிக்கின்றன. இந்தியாவின் ‘அடிப்படை உரிமைகள்’ சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ‘அடிப்படைச் சுதந்திரங்கள்’ எனப்படுவதையும் ஆசிரியர் சுட்ட வேண்டும். ஒரு பாடத்திற்கு ஐந்து சொற்களுக்குமேல் அறிமுகப்படுத்தாமல், அவற்றையே விசாரணையில் மீண்டும் மீண்டும் ஆளச் செய்தால் சொற்கள் மாணவரின் நாவில் நிலைபெறும்.

முடிவுரை

இங்கே கூறப்பட்ட மூன்று பாடங்களுக்கும் பாடத்திட்ட மாற்றம் தேவையில்லை. நிலத்திற்கு இரண்டு வகுப்புகள், வாக்கிற்கு இரண்டு, மொழிக்கு இரண்டு என ஒரு பருவத்தில் ஆறு வகுப்புகள் போதும். உரையாடல், வாதம், மொழிபெயர்ப்பு, கருத்துரைக்கட்டுரை ஆகிய மொழித்திறன்கள் அனைத்துக்கும் இவற்றில் இடமுண்டு. ஆசிரியர் சட்ட வல்லுநராக இருக்க வேண்டியதில்லை. ஒரு தொடரை எடுத்துக்கொண்டு, எழுவாய் யார், வினைமுற்று யாது, எச்சொல் விடுபட்டுள்ளது என்று கேட்கும் பழக்கம் அவரிடம் ஏற்கெனவே உள்ளது. இலக்கண வகுப்பில் அவர் நாள்தோறும் செய்யும் பணியை அரசமைப்பின் தொடர்களுக்கும் விரிவுபடுத்துவதே இங்கு வேண்டப்படுவது. ஆறாம் வகுப்பின் இறுதியில் மாணவர் மீண்டும் சிவந்த குன்றின் கதைக்குத் திரும்பி, அச்சிறுவனுக்காக வாதிடும் ஒரு முறையீட்டைத் தமிழில் எழுதலாம். எந்த உறுப்பைச் சுட்டி வாதிடுவது என்பதை அப்போது அவர்களே அறிந்திருப்பர்.